கேரவன் வண்டியில் மின்னோட்ட அளவீடும் பொருள் வைப்பிடமும்

கேரவன் என்பது உறங்கவும் சமைக்கவும் தங்கவும் ஏற்றவாறு அமைக்கப்பட்ட பயண வண்டி ஆகும். ஒரு சிறிய வீட்டுக்குத் தேவையான விளக்கு, மின்விசிறி, குளிர்ப்பெட்டி, நீரேற்றி ஆகிய அனைத்தும் இதில் உண்டு. ஆனால் வீட்டைப் போல இடமும் இல்லை, மின்கம்பத்திலிருந்து வரும் தொடர் மின்சாரமும் இல்லை. எனவே எவ்வளவு மின்னோட்டம் செலவாகிறது, எந்தப் பொருளை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகள் கேரவனை அமைப்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் எப்போதும் எழுகின்றன. இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பேட்டரியில் சேமிக்கப்படும் மின்னூட்டம் ஒவ்வொன்றுக்கும் எடையும் பருமனும் உண்டு. மின்னோட்டத்தைச் சரியாக அளந்தவருக்குத் தேவையான பேட்டரி எவ்வளவு என்று தெரியும். அதற்கு மேல் சுமக்க வேண்டிய எடையும் இடமும் மிச்சமாகும்.

பெயரும் வகைகளும்

பாலைவனத்தில் கூட்டமாகச் செல்லும் வணிகர்களைக் குறித்த பாரசீகச் சொல்லிலிருந்து கேரவன் என்ற பெயர் பிறந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் வகை பரவலாக உள்ளது. வேன் அல்லது பேருந்தின் அடிச்சட்டத்தின் மீதே அறை கட்டப்பட்ட வகை மோட்டார் கேரவன் எனப்படும். இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது இரண்டாவது வகையே.

தமிழ்நாட்டில் இச்சொல் திரைத்துறை வழியாகவே மக்களிடம் பரவியது. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கவும் ஒப்பனை செய்துகொள்ளவும் பயன்படும் குளிர்சாதன வண்டியைக் கேரவன் என்று அழைக்கின்றனர். சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடியும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் பல ஆண்டுகளாகப் படப்பிடிப்பு நடக்கும் இடங்கள் என்பதால், நகரத்தார் வீடுகள் நிறைந்த தெருக்களில் கேரவன் நிற்பது அங்குள்ளோருக்குப் பழகிய காட்சியாகும். சுற்றுலாவுக்காகக் கேரவனைப் பயன்படுத்தும் வழக்கமும் தென்னிந்தியாவில் வளர்ந்து வருகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது.

ஆம்பியரும் ஆம்பியர்-மணியும்

ஒரு கடத்தியின் வழியே ஒரு நொடியில் பாயும் மின்னூட்டத்தின் அளவே மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். ஒரு நொடிக்கு ஒரு கூலூம் மின்னூட்டம் பாய்ந்தால் அது ஒரு ஆம்பியர். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் கடந்து செல்லும் மின்னூட்டம் 3,600 கூலூம். இதுவே ஒரு ஆம்பியர்-மணி. பேட்டரிகளின் கொள்ளளவு இந்த அலகில்தான் குறிக்கப்படுகிறது.

மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் அதன் வேதி விளைவைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்மின்வாயில் வெள்ளி படிகிறது. படியும் வெள்ளியின் எடை, பாய்ந்த மின்னூட்டத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது மைக்கேல் ஃபாரடே கண்ட விதி. 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டத்தையே ஒரு ஆம்பியர் எனக் கொண்டது. 1908இல் லண்டன் மாநாடும் இதை உறுதிசெய்தது. 1948இல் இணையான இரு கடத்திகளுக்கு இடையே உண்டாகும் விசையை வைத்து ஆம்பியர் வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்ட மதிப்பை அடிப்படையாகக் கொண்ட வரையறை நடைமுறையில் உள்ளது.

பழைய வெள்ளி வரையறையின்படி கணக்கிட்டால், ஒரு ஆம்பியர்-மணி என்பது சுமார் 4 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னூட்டமாகும். மின்னூட்டத்தைச் சேமிக்கப் பொருள் வேண்டும், பொருளுக்கு எடை உண்டு என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

காரைக்குடியும் மின்வேதியியலும்

மின்சாரத்திற்கும் வேதிவினைக்கும் உள்ள இத்தொடர்பை ஆராயும் துறை மின்வேதியியல். பேட்டரி, மின்முலாம் பூச்சு, உலோக அரிப்புத் தடுப்பு ஆகியவை இதில் அடங்கும். இத்துறைக்கான இந்தியாவின் தேசிய ஆய்வகம் காரைக்குடியில் அமைந்துள்ளது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். சிக்ரி என்று சுருக்கமாக அழைப்பர். வள்ளல் அழகப்பச் செட்டியார் இதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார்.

பேட்டரி ஆய்வு இந்நிலையத்தின் முதன்மைப் பணிகளில் ஒன்று. சிக்ரி உருவாக்கிய லித்தியம்-அயனி மின்கலத் தொழில்நுட்பத்தைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுசெல்ல, 2018 ஜூனில் ராசி சோலார் பவர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈயப் பேட்டரியிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு மாறும்போது கேரவனின் எடைக் கணக்கு எப்படி மாறுகிறது என்பது பின்னர் விளக்கப்படுகிறது.

வண்டியின் மின்னமைப்பு

பெரும்பாலான கேரவன்களில் இரண்டு மின் அமைப்புகள் உண்டு. விளக்கு, மின்விசிறி, நீரேற்றி, சிறிய குளிர்ப்பெட்டி ஆகியவை 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும். குளிர்சாதனம், மின் அடுப்பு, மிக்சி போன்றவற்றுக்கு வீட்டில் உள்ளது போன்ற 230 வோல்ட் மாறுமின்னோட்டம் தேவை. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர், கூரையில் உள்ள சூரியத் தகடு, நிற்கும் இடத்தில் கிடைக்கும் மின் இணைப்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கின்றன.

மின்னழுத்தம் குறைவாக இருந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் அதிகமாகும். 1,200 வாட் திறனுள்ள கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். அதே கருவியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இயக்கினால் 100 ஆம்பியருக்கு மேல் பாயும். வீட்டு மின் இணைப்பில் பழகிய ஒருவர் கேரவனில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

மின்னோட்டத்தை அளக்கும் கருவிகள்

அம்மீட்டர்: மின்சுற்றில் தொடரிணைப்பில் சேர்க்கப்படும் கருவி. அளக்கப்படும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே பாய வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் இந்த வசதி உண்டு என்றாலும் பெரும்பாலானவற்றின் உச்ச அளவு 10 ஆம்பியர்தான். ஒரு விளக்கு அல்லது மின்விசிறியின் மின்னோட்டத்தை அதில் அளக்கலாம். இன்வெர்ட்டரின் கம்பியில் இணைத்தால் உள்ளே உள்ள ஃபியூஸ் போய்விடும். ஆம்பியர் துளையில் கம்பி செருகியிருக்கும்போது மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நேராக வைப்பது குறுக்குச் சுற்றுக்குச் சமம். அது தீப்பொறியும் காயமும் உண்டாக்கும்.

கிளாம்ப் மீட்டர்: மின்பணியாளர்கள் டாங் டெஸ்டர் என்றும் அழைக்கும் இக்கருவி, கம்பியை வெட்டாமலே அதைச் சுற்றிக் கவ்வி அளக்கிறது. மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலமே இதன் அடிப்படை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் மின்மாற்றித் தத்துவத்தில் இயங்குவதால் மாறுமின்னோட்டத்தை மட்டுமே காட்டும். பேட்டரிக் கம்பியில் மாட்டினால் 80 ஆம்பியர் பாய்ந்தாலும் சுழியம் என்றே காட்டும். நேர்மின்னோட்டத்தை அளக்க ஹால் விளைவு உணரி உள்ள கிளாம்ப் மீட்டர் வேண்டும். அளக்கும் முன் கம்பியில்லாமல் அதைச் சுழியத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நேர், எதிர் ஆகிய இரு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று நீக்கிவிடும். எனவே ஒரு கம்பியை மட்டுமே கவ்வ வேண்டும்.

இணைத்தடம்: மிகக் குறைந்த, துல்லியமாகத் தெரிந்த மின்தடை கொண்ட உலோகப் பட்டை இது. கால்வனாமீட்டரை அம்மீட்டராக மாற்றும் பாடத்தில் பள்ளி மாணவர்கள் இதைப் படித்திருப்பர். கேரவனில் நிலையாகப் பொருத்தப்படும் பேட்டரி கண்காணிப்பானின் இதயமும் இதுவே. 500 ஆம்பியர் பாயும்போது 50 மில்லிவோல்ட் காட்டும் இணைத்தடத்தின் மின்தடை 0.1 மில்லி ஓம். அதில் 6 மில்லிவோல்ட் தெரிந்தால் 60 ஆம்பியர் பாய்கிறது என்று பொருள். இந்தக் கணக்கு ஓம் விதியின் நேரடிப் பயன்பாடு.

இணைத்தடம் வழக்கமாகப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் பொருத்தப்படுகிறது. பேட்டரியின் எதிர்முனையில் இணைத்தடத்தைத் தவிர வேறு எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது. சூரியத் தகட்டின் எதிர்க் கம்பி, வண்டிச் சட்டத்தின் எர்த், இன்வெர்ட்டரின் எதிர்க் கம்பி எல்லாம் இணைத்தடத்தின் மறுபக்கத்தில் சேர வேண்டும். ஒரு கம்பி நேராகப் பேட்டரியில் மாட்டப்பட்டிருந்தாலும் அதன் வழியே செல்வதும் வருவதும் கணக்கில் ஏறாது. கணக்கு ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் பிழையாகும்.

வோல்ட் மட்டும் பார்த்தால் போதாதது ஏன்

ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈயப் பேட்டரி முழு மின்னேற்றத்தில் சுமார் 12.7 வோல்ட்டும், பாதியில் சுமார் 12.1 வோல்ட்டும் காட்டும். ஆனால் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த அளவு கீழே இறங்கும், மின்னேற்றம் நடக்கும்போது மேலே ஏறும். சில மணி நேரம் ஓய்வில் விட்டால்தான் உண்மை நிலை தெரியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இச்சிக்கல் இன்னும் பெரியது. ஏறத்தாழ 30 விழுக்காடு முதல் 80 விழுக்காடு வரை அதன் மின்னழுத்தம் மிகச் சிறிதே மாறும். எனவே உள்ளே செல்லும் ஆம்பியர்-மணியையும் வெளியேறும் ஆம்பியர்-மணியையும் இணைத்தடத்தின் வழியே எண்ணிக் கழிப்பதே நம்பகமான வழி. இதைக் கூலூம் எண்ணல் என்பர். சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், பேட்டரி முழுதும் நிரம்பும் ஒவ்வொரு முறையும் கணக்கு மீண்டும் நூறு விழுக்காட்டில் வைக்கப்படுகிறது.

ஒரு நாள் கணக்கு

காரைக்குடியில் ஒரு நாள் முழுதும் நிறுத்தப்பட்டிருக்கும், இருவர் தங்கும் ஒரு கேரவனின் 12 வோல்ட் செலவை மாதிரிக்காகக் கணக்கிடலாம்.

எல்.இ.டி. விளக்குகள்: 1.5 ஆம்பியர், 5 மணி நேரம் – 7.5 ஆம்பியர்-மணி
இரண்டு மின்விசிறிகள்: 3 ஆம்பியர், 8 மணி நேரம் – 24 ஆம்பியர்-மணி
கம்ப்ரசர் குளிர்ப்பெட்டி: 4 ஆம்பியர், 24 மணி நேரத்தில் பாதி நேரம் இயக்கம் – 48 ஆம்பியர்-மணி
நீரேற்றி: 5 ஆம்பியர், அரை மணி நேரம் – 2.5 ஆம்பியர்-மணி
கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றம்: 3 ஆம்பியர், 3 மணி நேரம் – 9 ஆம்பியர்-மணி
எப்போதும் விழித்திருக்கும் சிறு கருவிகள்: 0.3 ஆம்பியர், 24 மணி நேரம் – 7.2 ஆம்பியர்-மணி

மொத்தம் ஏறத்தாழ 98 ஆம்பியர்-மணி.

இப்பட்டியலில் பெரிய ஆம்பியர் எண்ணைக் கொண்ட நீரேற்றி மிகக் குறைவாகவே செலவிடுகிறது. குறைந்த ஆம்பியரில் நாள் முழுதும் ஓடுபவையே பேட்டரியைக் காலி செய்கின்றன. இன்வெர்ட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் எந்தக் கருவியும் மாட்டாமல் ஆன் செய்து வைத்தாலே 10 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதாவது சுமார் ஒரு ஆம்பியர். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. இரண்டு மின்விசிறிகள் இரவு முழுதும் சுழல எடுப்பதற்கு இது சமம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இணைத்தடக் காட்டியையோ கிளாம்ப் மீட்டரையோ பார்த்தால் இந்த மறைந்த செலவு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குளிர்சாதனத்தின் கணக்கு வேறு. 1,000 வாட் எடுக்கும் குளிர்சாதனத்தை 90 விழுக்காடு பயன்திறன் கொண்ட இன்வெர்ட்டர் வழியே இயக்கினால், பேட்டரியிலிருந்து சுமார் 93 ஆம்பியர் பாயும். மேலே கண்ட ஒரு நாள் செலவு ஏறத்தாழ முழுவதும் ஒரே மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எட்டு மணி நேர உறக்கத்தில் கம்ப்ரசர் பாதி நேரம் இயங்கினாலும் 370 ஆம்பியர்-மணிக்கு மேல் தேவை. செட்டிநாட்டின் கோடை வெப்பத்தில் குளிர்சாதனம் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதால், பல கேரவன்கள் ஜெனரேட்டரை நம்பியிருக்கின்றன.

ஆம்பியர்-மணியின் எடை

ஈய-அமிலப் பேட்டரியின் ஒரு மின்கலம் ஒரு ஆம்பியர்-மணி மின்னூட்டம் தருவதற்கு, ஃபாரடே விதிப்படி 3.87 கிராம் ஈயமும், 4.46 கிராம் ஈய டை ஆக்சைடும், 3.66 கிராம் கந்தக அமிலமும் வினைபுரிய வேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 12 கிராம். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு மின்கலங்கள் இருப்பதால் ஒரு ஆம்பியர்-மணிக்கு 72 கிராம். 100 ஆம்பியர்-மணிக்கு 7.2 கிலோ. இது ஏட்டளவிலான கணக்கு. தட்டுகளைத் தாங்கும் ஈயச் சட்டம், நீர், பெட்டி, வினையில் சேராமல் மீந்து நிற்கும் பொருள் ஆகியவற்றையும் சேர்த்தால் உண்மையான பேட்டரியின் எடை சுமார் 30 கிலோ ஆகிறது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைத் தனியாகத் தூக்க முடியாததன் காரணமும் இதுவே.

ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வெறுமையாக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே நாளொன்றுக்கு 98 ஆம்பியர்-மணி செலவிடும் வண்டிக்கு ஏறத்தாழ 200 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி வேண்டும். அதன் எடை சுமார் 60 கிலோ, பருமன் சுமார் 25 லிட்டர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 80 விழுக்காடு வரை தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் ஏறத்தாழ 120 ஆம்பியர்-மணி அளவே போதும். 100 ஆம்பியர்-மணிக்குச் சுமார் 12 கிலோ என்ற கணக்கில் அதன் எடை 15 கிலோவுக்குள் அடங்கும். பேட்டரிக்கான இடமும் ஏறத்தாழப் பாதியாகும்.

அளவீடு இடமாக மாறுவதையும் இதே கணக்கில் காணலாம். வெறுமனே ஓடும் இன்வெர்ட்டரை அணைத்து வைத்தால் மிச்சமாகும் 24 ஆம்பியர்-மணிக்காக, ஈயப் பேட்டரியில் 48 ஆம்பியர்-மணி கொள்ளளவைச் சுமக்க வேண்டியதில்லை. அது ஏறத்தாழ 14 கிலோ எடையும் 6 லிட்டர் இடமும் ஆகும். ஒரு குடும்பத்தின் சமையல் பாத்திரங்களை வைக்க அந்த இடம் போதும்.

சூரியத் தகடு உள்ளிடத்தை எடுத்துக்கொள்ளாது. தமிழ்நாட்டின் வெயிலில் 100 வாட் தகடு ஒரு தெளிந்த நாளில் சுமார் 30 ஆம்பியர்-மணி தரும் என எதிர்பார்க்கலாம். 98 ஆம்பியர்-மணி செலவை ஈடுகட்ட 300 வாட்டுக்குச் சற்று மேல் தேவை. ஆனால் வெப்பத்துக்கு அஞ்சி வண்டியை மரநிழலில் நிறுத்தினால் இந்த வரவு பெருமளவு குறையும்.

பொருள்களுக்கு இடம் காணுதல்

கேரவனில் வெற்றிடம் பெரும்பாலும் கண்ணில் படாத மூலைகளில் இருக்கும். இருக்கைக்கு அடியிலும், மடிக்கும் கட்டிலுக்குக் கீழும், ஓட்டுநர் அறையின் மேல் உள்ள பரணிலும், கதவின் உட்புறத்திலும், தரைக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையிலும் பெட்டிகள் அமைக்கலாம். இடம் இருக்கிறது என்பதாலேயே எதையும் அங்கே வைத்துவிட முடியாது. எடை, வெப்பம், வாயு ஆகிய மூன்றையும் பார்த்தே இடம் ஒதுக்க வேண்டும்.

எடை கூடியவை தாழ்வாகவும் சக்கர அச்சுக்கு அருகிலும் இருக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதால் நீர்த்தொட்டியும் பேட்டரியும் முதலில் இடம்பெற வேண்டியவை. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.5 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 60 கிலோ பேட்டரியை வைத்தால், பின் அச்சின் மீது 94 கிலோ ஏறும். முன் அச்சின் மீதிருந்து 34 கிலோ குறையும். நெம்புகோல் தத்துவத்தால் வரும் இந்த விளைவு திருப்பும் சக்கரங்களின் பிடிப்பைத் தளர்த்தும். டிரெய்லர் வகையில் இது மேலும் முக்கியம். பின்புறம் எடை கூடினால் வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் காரையே கவிழ்க்கக் கூடும். துணி, போர்வை, பிளாஸ்டிக் பாத்திரம் போன்ற எடை குறைந்தவை மேல் அடுக்குகளுக்கு ஏற்றவை. இடது வலது எடையும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும்.

வெப்பம் உண்டாக்கும் கருவிகளைச் சுற்றிய இடத்தை வைப்பிடமாகக் கருதக் கூடாது. இன்வெர்ட்டரின் காற்று வழியை மறைத்துப் போர்வையைத் திணித்தால் அது சூடேறி நின்றுவிடும் அல்லது தீப்பற்றும். பேட்டரியும் வெப்பத்தை விரும்பாது. ஈயப் பேட்டரியின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியசு கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்வேதியியலில் பரவலாகப் பயன்படும் மதிப்பீடு. எஞ்சினுக்கு அருகிலும், வெயில் நேரே படும் பக்கவாட்டுப் பெட்டியிலும் அதை வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வாயுக்களைப் பொறுத்தவரை அவற்றின் அடர்த்தியே இடத்தை முடிவுசெய்கிறது. திறந்த வகை ஈயப் பேட்டரி நிரம்பிய பின்னும் மின்னேற்றம் தொடர்ந்தால் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். கூடுதலாகச் செலுத்தப்படும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு மின்கலத்திலிருந்து சுமார் 0.45 லிட்டர், ஆறு மின்கலங்களிலிருந்து சுமார் 2.7 லிட்டர் வரும். காற்றில் 4 விழுக்காட்டை எட்டினாலே ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது. அது காற்றைவிட மிக இலேசானது என்பதால் பேட்டரிப் பெட்டியின் மேற்பகுதியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டிக்குத் துளை அடிப்பகுதியில் அமைய வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பது பெருந்தவறு. பேட்டரி முனையில் எழும் ஒரு சிறு தீப்பொறி கசிந்த எரிவாயுவைப் பற்றவைக்கப் போதும்.

ஜெனரேட்டரும் கார்பன் மோனாக்சைடும்

பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிடப் பல மடங்கு வலுவாக இணைவதால், உறக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே உயிரிழக்க நேரும். 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் பரவியதே மரணத்துக்குக் காரணம் என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

மின்னோட்டக் கணக்கும் இடக் கணக்கும் உயிரோடு தொடர்புடையவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. பேட்டரியின் திறனை அறியாமல் இரவு முழுதும் குளிர்சாதனத்தை நம்பினால் ஜெனரேட்டரை ஓடவிட வேண்டிவரும். அந்த ஜெனரேட்டர் வண்டியின் உள்ளிடத்தோடு காற்றுத் தொடர்புள்ள பெட்டியில் இருந்தால் புகை உள்ளே வரும். உறங்கும்போது ஜெனரேட்டரை இயக்காமல் இருப்பதும், அதன் பெட்டிக்கும் அறைக்கும் இடையே எந்தத் துளையும் விடாமல் இருப்பதும், படுக்கைக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் அடிப்படைப் பாதுகாப்புகள்.

கம்பியும் ஃபியூசும்

அளந்த மின்னோட்டமே கம்பியின் தடிமனையும் முடிவு செய்கிறது. பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தொலைவில் உள்ள கருவிக்குப் போகவும் வரவும் 10 மீட்டர் கம்பி தேவை. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் இதன் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். 10 ஆம்பியர் பாய்ந்தால் 0.7 வோல்ட் கம்பியிலேயே இழப்பாகும். 230 வோல்ட்டில் இந்த இழப்பைக் கவனிக்கத் தேவையில்லை. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு. பொருள் வைக்க இடம் கிடைக்கிறது என்பதற்காகப் பேட்டரியை வண்டியின் ஒரு மூலைக்குத் தள்ளி, இன்வெர்ட்டரை மறு மூலையில் வைத்தால் தடித்த, விலை உயர்ந்த கம்பி வேண்டியிருக்கும். இவ்விரண்டையும் அருகருகே, ஆனால் திறந்த வகைப் பேட்டரியின் வாயு இன்வெர்ட்டரை அடையாதபடி தடுப்பு வைத்து அமைப்பதே முறை.

ஃபியூஸ் கருவியைக் காப்பதற்காக மட்டுமன்றிக் கம்பியைக் காப்பதற்காகவும் வைக்கப்படுகிறது. எனவே அது பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்திற்குள் இருப்பது நல்லது. ஃபியூஸ் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மீறக் கூடாது. அடிக்கடி எரிகிறது என்று பெரிய ஃபியூஸ் மாற்றுவதற்கு முன் கிளாம்ப் மீட்டரால் உண்மையில் எவ்வளவு பாய்கிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ நீலப் பச்சையாகவோ படியும் அரிப்பும் மின்தடையைக் கூட்டி அந்த இடத்தைச் சூடாக்கும். அதைத் துடைத்து இறுக்குவது வழக்கமான பராமரிப்பு.

புறப்படும் முன் செய்யும் சோதனை

பயணத்துக்கு முந்தைய இரவு பேட்டரியை முழுதும் நிரப்பி, மின்னேற்றத்தைத் துண்டித்து, அனைத்துக் கருவிகளையும் அணைத்து மறைந்த மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு கருவியாக இயக்கி அதன் ஆம்பியரைத் தாளில் எழுதி, இயங்கும் மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் அந்த வண்டிக்குரிய நாள் கணக்கு கிடைக்கும். அடுத்ததாக எல்லாப் பொருள்களையும் ஏற்றிய நிலையில், பாரவண்டிகளை நிறுக்கும் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்து, வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை அளவோடு ஒப்பிட வேண்டும். எடை மிகுந்தால் எதை இறக்குவது என்பதை முதல் தாளிலுள்ள கணக்கைக் கொண்டு முடிவு செய்யலாம்.